துபாய் டிரங்க் கால்

எனக்குக் குரல் நன்றாக இருக்கும், வக்கீல் சார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மைக்கில் அறிவிப்புச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். புளியங்குடி ரோட்டில் மனை விற்கும் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்ததும் அந்தக் குரலால்தான்.

வெயிலில் வீடு வீடாக அலைவானேன், போனிலேயே பேசி விற்கலாம் என்று யோசனை சொன்னது நான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள்தான் எங்களுக்குத் தோது. ஆனால் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் போன். மனை விற்கிறோம் என்றால் எதிர்வீட்டுக்காரியை யார் போய்க் கூட்டிவருவார்கள்? எக்ஸ்சேஞ்ச் மூலம் வரும் வெளிநாட்டுக் கால் என்றால் ஓடிப்போய்க் கூட்டிவருவார்கள். அதனால், "எக்ஸ்சேஞ்சில இருந்து பேசுதோம். துபாய் டிரங்க் கால். ஷரீபா பீவியைக் கூப்பிடுங்க" என்பேன். பொய்தான். ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஷரீபாவின் வீட்டுக்காரர் முகம்மது மைதீனுக்குத் துபாயில் கட்டட வேலை. போன் இருந்தது எதிர்வீட்டு மகபூப் பீவியிடம். ஷரீபா ஓடிவந்து மூச்சு வாங்க, "சொல்லுங்க" என்பாள். அந்தச் சந்தோஷம் வடிவதற்குள் நான் மனையைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

ஒருநாள், "அண்ணே, இனிமே போன் பண்ணாதீக. மணி அடிச்சாலே நெஞ்சு அடைக்கி. அவுகளுக்கு என்னமோ ஆயிட்டுன்னு ஓடியாறேன்" என்றாள். சரிம்மா என்றேன். அடுத்த வாரமும் கூப்பிட்டேன். வேண்டாம் என்பவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் எங்கள் தொழிலில் கணக்கு.

பிறகு அவள் வருவதில்லை. மகபூப் பீவியே, "ஏலே மனைக்காரா, ஒனக்கு வேற சோலி இல்லையா" என்று வைத்துவிடுவாள்.

பங்குனியில் நிஜமாகவே துபாயிலிருந்து கால் வந்தது. முகம்மது மைதீன் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெண்டாட்டி குரலைக் கேட்கவேண்டும் என்றாராம். "துபாய் டிரங்க் கால்" என்றதுமே மகபூப் பீவி வைத்துவிட்டாள். மறுபடி மணி அடித்தது. மறுபடியும் வைத்தாள். அவர் இறந்துபோன மௌத்துச் செய்தி தந்தியில் வந்தது.

ஷரீபாவின் தம்பி மன்சூர் அலி நியாயம் கேட்டு அலைந்தான். போன் பண்ணினது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று போன இடத்திலெல்லாம் கேட்டார்களாம். அதைக் கேள்விப்பட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் கூசுகிறது. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நீங்கள் மனு எழுதுவதாகக் கேள்விப்பட்டு நானே வந்ததும் அதனால்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. ஷரீபா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் வாசல் தாண்டாமல் இருக்கவேண்டிய மாதங்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் போக முகமில்லை. போனை எடுத்தேன். யாரென்று சொன்னால் வரமாட்டாள். மகபூப் பீவிக்கு இனி எந்தப் போனையும் வைக்கத் தைரியம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

"துபாய் டிரங்க் கால்" என்றேன்.

ஓடிவரும் சத்தம் கேட்டது.

"நீங்களா? அப்ப அந்தத் தந்தி பொய்யா? உசுரோடதான் இருக்கீகளா?" என்றாள்.

நான் வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.