சீராகச் சிமிட்டுது

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காருக்குள் இருந்து எண்ணுவது மட்டும்தான் என் வேலை.

தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்த கார்களுக்கு இப்போதைய கருவிகள் பொருந்துவதில்லை. பொனட்டைத் திறந்தால் ஓரத்தில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதிலுள்ள இரண்டு துளைகளைக் கம்பித் துண்டால் இணைத்தால், உள்ளே ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் எஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். இரண்டு தரம் சிமிட்டி, கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு தரம் என்றால் இருபத்திரண்டு. வெப்பத்தை அளக்கும் பாகத்தில் பிழை. இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் பிழையே இல்லை. காரின் மூளை பேசும் பாஷை அது. என் கணவர் றுமைஸ் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திறந்த பொனட் அவரை மறைத்திருக்கும். விளக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓமந்தையில் கராஜ் போடுவதற்கு முன் அவர் கட்டாரில் இருந்தார். எங்கள் மகள் ஸுல்பா அவர் போன பிறகு பிறந்தவள். போனைத்தான் வாப்பா என்று நினைத்திருந்தாள். அதற்குச் சோறு ஊட்டுவாள், படுக்கும்போது போர்த்துவிடுவாள். அவர் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

இந்த வருடம் அவர் மறுபடியும் போகப் புறப்பட்டார். கராஜில் வேலை குறைந்துவிட்டது. எங்கள் காரை விற்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவருக்குக் காசு கட்டுவது என்று முடிவு.

"ரெண்டே வருசம், றுஸ்னா."

"போன முறையும் ரெண்டு வருசம் எண்டுதான் சொன்னீங்க."

"இந்த முறை உண்மையாத்தான்."

"அப்ப போன முறை?"

அவர் சிரித்தார்.

விற்பதற்கு முன் காரைப் பரிசோதித்தோம். விளக்கு ஒரே சீராகச் சிமிட்டியது. நான் இருபத்திரண்டு என்றேன்.

அவர் அந்தப் பாகத்தை மாற்றினார். அடுத்த முறை முப்பத்தொன்று என்றேன். அதையும் மாற்றினார். பிறகு நாற்பத்தொன்று. வாங்க வந்தவர்களிடம் இன்னும் சரிவரவில்லை என்று சொல்லி அனுப்பினார். அவர் நேர்மையான மனிதர், ஐயா. பிழையுள்ள காரை விற்கமாட்டார். அது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஒருநாள் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார், "என்ர காதுக்கு எல்லாம் வடிவாத்தான் கேக்குது."

"காது சொல்லுறதை நம்புறதோ, கார் சொல்லுறதை நம்புறதோ?" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் மற்றவர்களின் கார்களைத் திருத்த எடுக்கவில்லை. தன் காதில் நம்பிக்கையில்லை என்றார். நித்திரை குறைந்தது. சாப்பாட்டை அளைந்துகொண்டு இருப்பார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் வீட்டில் இருந்தார். ஸுல்பா அவருடைய மடியில் ஏறி இருக்கப் பழகியதும் அந்த நாட்களில்தான்.

பிறகு ஒருநாள் களைத்துப்போய்ச் சொன்னார், "இனி ஒரு பிழை காட்டினா இரும்பு விலைக்குக் குடுத்திட்டுப் போறன்." அதற்குப் பிறகு பிழை சொல்வதிலும் பயன் இல்லாமல் போனது.

பூவரசங்குளத்திலிருந்து தவராசா அண்ணை காரைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை கடைசியாக ஒருமுறை பரிசோதித்தோம். விளக்கு ஒரு தரம் சிமிட்டியது. நின்றது. மூன்று தரம் சிமிட்டியது.

பதின்மூன்று. எஞ்சின் சுற்றுகிறது என்று மூளைக்குச் சொல்லும் பாகம். அது பழுதானால், சூடேறியதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். ஆறும் வரைக்கும் திரும்பப் பிடிக்காது. உண்மையான பிழை அன்றுதான் வந்தது. அந்தப் பாகம் எங்கள் கராஜிலேயே இருந்தது. அரை மணி நேர வேலை. மாற்றினால் கார் விற்றுப்போகும்.

"என்ன சொல்லுது?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"சீராகச் சிமிட்டுது," என்றேன்.

அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, கம்பியை எடுத்துப் பொனட்டை மூடினார்.

தவராசா அண்ணை பகிடிக்காரர். காரைச் சுற்றி வந்து, "இது என்ர மனுசி அன்னபாக்கியத்தைவிட இளசு. முழங்கால் நோவும் இல்லைப்போல," என்றார். அவாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகத்தான் கார். பஸ் படியில் அவாவால் ஏற முடியாது.

ஏசியைப் போட்டு நல்ல தூரம் ஓடிப் பாருங்கோ அண்ணை என்றேன். ரயில் பாதைப் பக்கமாகப் போனால் தண்டவாளத்தைக் கடக்கும் கடவையில் ஏற்றம் இருக்கிறது, இழுவையும் தெரியும் என்றேன். ஏற்றத்தில் நின்றால் தள்ளுவது கஷ்டம். வெறுத்துப்போய் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

ரயில் வரும் நேரம் தெரியுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். அந்த நேரத்துக்கு எங்கள் அலுமாரிக் கண்ணாடி ஒவ்வொரு நாளும் அதிரும். தெரியும். ஆனால் அப்போது அதை நினைக்கவில்லை. தெரிந்திருப்பது வேறு, நினைப்பது வேறு.

தவராசா அண்ணைதான் ஓட்டியிருக்கிறார். கார் தண்டவாளத்தின் மேல் நின்றிருக்கிறது. றுமைஸ் இறங்கிப் பின்னால் தள்ளியிருக்கிறார். ரயில் சத்தம் கேட்டதும் அண்ணையை இறங்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். "பொறும் தம்பி, இப்ப பிடிச்சிடும்," என்று அண்ணை காரின் திறப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தாராம். கதவைத் திறக்க ஓடியபோதுதான் ரயில் மோதி றுமைஸின் கால் போனது.

ஆஸ்பத்திரிக்கு அன்னபாக்கியம் அக்கா வந்தா. "அக்கா, பிழை என்னிலதான். என்ர காதை நம்பியிருக்கக் கூடாது," என்று றுமைஸ் சொன்னார். அவாவும் அழுதா. நான் ஸுல்பாவைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகில் நின்றேன்.

வழக்கு முடியும்வரை அவரை விளக்கமறியலில் அடைக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அது நியாயமில்லை, ஐயா. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. தவராசா அண்ணையைக் கொன்றது நான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். பிள்ளைக்குத் தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாம் செய்தேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. ஒன்று மட்டும். அவரை வீட்டுக்கு அனுப்பும்போது, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.