வாத்துக்கு இன்னும் ஒரு வாரம்

— குஞ்சு பொரிக்கற மெஷின் மூடில கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!

— வாத்து முட்டையப் புரட்டணுமேம்மா. நேத்துல இருந்து அப்படியே கெடக்கு.

— கெடக்கட்டும். கோழி முட்டை ரெண்டு விரிசல் விட்டாச்சு. இப்ப மூடியத் தெறந்தா உள்ள இருக்கற ஈரமெல்லாம் போயிரும். குஞ்சு ஓட்டோட காஞ்சு ஒட்டிக்கும். இதை உங்களுக்கு நான் சொல்லணுமா?

— கோழிக்குத் தெறக்கக் கூடாது, வாத்துக்குத் தெறந்தே ஆகணும். நல்லா மாட்டிக்கிட்டோம்.

— யாரு மாட்டி விட்டது? எந்தக் காலத்துலயாவது நம்ம வீட்டுல ரெண்டையும் ஒரே நாள்ல வச்சிருக்கோமா? வாத்து பொரிய ஒரு வாரம் கூட ஆகும். அதனால வாத்தை முன்னாடி வச்சு, ஒரு வாரம் கழிச்சுக் கோழிய வைப்போம். எல்லாம் ஒண்ணா வெளிய வரும். எப்பவும் அப்படித்தானே?

— மறந்துட்டேம்மா. வயசாகுதில்ல.

— ஆமாமா, வயசாகுது. மூணாவது வீட்டு ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பாத்தே கேஸ் எறங்கியிருக்குன்னு சொல்ற மெக்கானிக்குக்கு வாத்து மட்டும் மறந்துருச்சாக்கும்.

— சரி விடு, நடந்தது நடந்துருச்சு. நாளைக்கு நீ பாட்டுக்கு ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கிட்டா இதுங்கள யாரு பாக்கறது? அதைச் சொல்லு.

— அதை அப்புறம் பேசுவோம்.

— இப்படித்தான் சொல்லுவ... இந்தா, இந்தா பாரு! ஓரத்துல ஒரு மூக்கு தெரியுது.

— எங்க? கொஞ்சம் நகருங்க, கண்ணாடி முழுக்க உங்க தலைதான் தெரியுது. அய்யோ, ஆமா! என்னமா கொத்துது பாருங்க. வா ராசா, வா. அவசரமே இல்ல, மெதுவா வா.

— நம்ம முதல் மெஷின்ல இவ்வளவு தெளிவாத் தெரியுமா?

— அதுக்குக் கண்ணாடி எங்க இருந்து வந்துச்சு? கல்யாண போட்டோல இருந்து உருவுனீங்க. இன்னைக்கு வரைக்கும் அது கண்ணாடி இல்லாமத்தான் தொங்குது. என் மூஞ்சி பாதி வெளுத்துப் போச்சு.

— நேர்லயே பாத்துக்கிட்டு இருக்கேன், போட்டோ எதுக்குன்னு விட்டுட்டேன்.

— பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

— மாடில அந்த ஒத்த ரூமு. கட்டிலுக்கு அடியில மெஷின். மரப்பெட்டி, நாப்பது வாட்ஸ் பல்பு, கிண்ணத்துல தண்ணி. வீட்டுக்காரர் வாசல்ல நின்னுக்கிட்டு, 'உள்ள என்னப்பா கீச்சு கீச்சுன்னு சத்தம்'னு கேட்டாரே...

— நீங்க, 'கட்டில் ஆடுது சார்'னு சொன்னீங்க! எனக்கு மானமே போச்சு. அதுக்கப்புறம் அவர் மூஞ்சிய நான் நிமிந்து பாக்கல.

— அவரும் பாக்கல. ஒரு மாசம் நம்ம பக்கமே வரலையே மனுஷன்.

— கரண்ட் போன அன்னைக்கு? எல்லா முட்டையையும் உங்க ஸ்வெட்டர்ல சுத்தி என் மடில வச்சுட்டு, அசையாதே அசையாதேன்னு உசுர வாங்குனீங்க. எனக்குக் கால் மரத்துப் போயி, மூக்குல அரிச்சாக்கூட நீங்கதான் சொறிஞ்சு விட்டீங்க.

— அதுல வந்த அந்த ஒத்த வாத்து! கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் பாத்துச்சு. அவ்வளவுதான், நீ எங்க போனாலும் பின்னாடியே.

— பஸ் ஏறுனா அதுவும் ஏறும். கண்டக்டர் அதுக்கு அரை டிக்கெட் எடும்மான்னார். தையல் கடையில நான் காஜா போடற வரைக்கும் என் கால்கிட்டயே துணிக் குப்பைல தூங்கும். முதலாளி திட்டிக்கிட்டே அதுக்குத் தண்ணி வைப்பார்.

— சந்தோஷமாத்தான் இருந்தோம், இல்ல?

— ரொம்ப. ஆனா அந்தப் பெட்டி எப்ப வீட்டுக்கு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

— அது எதுக்கு இப்ப?

— நமக்குக் குழந்தை பொறக்காதுன்னு டாக்டரம்மா சொன்ன வாரம். பஸ்ல திரும்பி வரும்போது நீங்க ஒரு வார்த்தை பேசல. நான் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழறேன், நீங்க ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே வந்தீங்க. மறுநாள் மரப்பெட்டியோட வந்து நின்னு, 'தினம் மூணு வேளை புரட்டணும், உன் கைதான் மெதுவான கை'ன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆறுதல் அவ்வளவுதான்.

— வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா.

— நான் குறை சொல்லலைங்க. யாராவது விசேஷம் உண்டான்னு கேட்டா, பன்னண்டு இருக்கு, வந்து பாருங்கன்னு சொல்ற தைரியம் அந்தப் பெட்டியாலதான் வந்துச்சு. ஆனா இப்பவும் நீங்க அதையேதான் பண்றீங்க.

— நான் என்ன பண்ணேன்?

— நெஞ்சு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டு வந்தோம். வழியெல்லாம் வாய் தெறக்கல. அன்னைக்குச் சாயங்காலமே கோழி முட்டையும் வாத்து முட்டையும் சேத்து வாங்கிட்டு வந்து ஒண்ணா வச்சீங்க. நாளைக்கு நான் ஆஸ்பத்திரில சேரணும். வாத்து பொரிய இன்னும் ஒரு வாரம் இருக்கு. இதுதான் மறதியா?

— சரி, மறதி இல்லன்னே வையி. ஒரே ஒரு வாரம் தள்ளிக் கேட்டா என்ன குடி முழுகிடும்? உன் கையில அதுங்க பொரியட்டும். அப்புறம் போலாம்.

— அப்புறம் வான்கோழி வைப்பீங்களா?

— கிண்டல் பண்ணாதே. அன்னைக்கு டாக்டர் உன்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு என்கிட்டப் பேசினாரே, என்ன சொன்னார்னு உனக்குத் தெரியாது.

— கதவை நீங்க சரியாச் சாத்தலைங்க. எல்லாம் கேட்டுச்சு. இந்த உடம்பு தாங்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னார். தள்ளிப் போட்டா அதைவிட மோசம்னும் சொன்னார்.

— தெரிஞ்சுமா இத்தனை நாளா சிரிச்சுக்கிட்டு இருந்த?

— பின்ன என்ன செய்யறது?

— எனக்கு பயமா இருக்கும்மா.

— இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீயும் பயந்துருவியே.

— பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு பேரும் தனித்தனியா பயந்ததுதான் மிச்சம். சேந்து பயந்திருந்தா கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

— இந்த வீட்டுல நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன், சொல்லு?

— முதல்ல கண்ணத் தொடைங்க. அங்க பாருங்க, உங்க கோழிக்குஞ்சு முழுசா வெளிய வந்துருச்சு. நனைஞ்சு போய் எப்படிப் படுத்திருக்கு!

— எனக்கு இப்ப கோழி வேண்டாம். வாத்துக்காக ஒரு வாரம், அவ்வளவுதான் கேக்கறேன். அதுவும் உசுருதானே? நேத்துல இருந்து புரட்டாமக் கெடக்கு, நீ பேசாம இருக்க. காய்ச்சல்லகூட எந்திரிச்சு வந்து புரட்டுவியே, இன்னைக்கு மட்டும் எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு?

— ஏங்க, இப்படி என் பக்கம் திரும்புங்க. முட்டைய விளக்குல வச்சுக் கரு பாக்கறது என் வேலைதானே? முதல் வாரமே பாத்துட்டேன், வாத்து முட்டை ஒண்ணுலகூட கரு இல்ல. நீங்க வாய் விட்டுக் கேக்காத அந்த ஒரு வாரத்துக்காகத்தான், நேத்து வரைக்கும் வெறும் முட்டையப் புரட்டிக்கிட்டு இருந்தேன்.