ஓட்டை விழுந்த கறிவேப்பிலை

திங்கட்கிழமை காலை, தாம்பரத்தில் கிளம்பிய சென்னை பீச் மின்சார ரயில். பெண்கள் பெட்டியில் என் எதிரே இரண்டு பேர். ஆபீஸ் அடையாள அட்டை மாட்டியிருந்த பெண், பக்கத்தில் இருந்த வயதில் மூத்தவரிடம் கைபேசியை நீட்டினாள்.

"பாருங்கக்கா, எங்க பார்க் கறிவேப்பிலை. இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா, எவ்வளவு அழகா இருக்கு!"

"ஐயையோ, புழு தின்னுருக்கேம்மா. மருந்து அடிக்கலையா?"

"முதல்ல அந்தத் தப்பைத்தான் பண்ணேன். முடிச்சூர்ல எங்க தெருமுனையில குப்பைமேடா கிடந்த பார்க்கு அது. ஞாயித்துக்கிழமையானா நாங்களே கூடி சுத்தம் பண்ணி, செடி நட்டோம். பல்லி எச்சம் மாதிரி புழு வந்துச்சு. நானே வேப்பெண்ணெய் அடிச்சுக் கொன்னேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அத்தனையும் பட்டாம்பூச்சியாகப் போற புழு."

"அடப்பாவமே!"

"அதோட மருந்தை நிறுத்திட்டேன். நேத்து வந்து பார்த்திருக்கணும் நீங்க. கறுப்பு றெக்கை, ஓரத்துல வெள்ளைப் புள்ளி. பார்க் முழுக்க பறக்குது. தெருவுல ஒருத்தரையும் ஒரு கொத்துகூடப் பறிக்க விடறதில்ல."

"உங்க வீட்டு ரசத்துக்குமா?"

"எங்க மாமியாரே வந்து கை வச்சாங்கக்கா. 'மார்க்கெட்ல வாங்கிக்கலாம் அத்தை, இது புழுவுக்கு நட்டது'ன்னு சொல்லிட்டேன்."