சென்னம்மா உள்ளே இருக்கிறார்

— உள்ள படுத்திருக்கேனாம்பா, நானு! சென்னம்மா, அத்திப்பள்ளி, ஊட்டு நம்பரு மொதக்கொண்டு கம்ப்யூட்டர்ல இருக்குதாம். மூணாவது வார்டாம். அப்ப இங்க மூச்சு வாங்கினு நிக்கறது யாரு கமலக்கண்ணா, பேயா?

— ஓனரம்மா, மொதல்ல உக்காருங்க.

— உக்காந்தா மூச்சு வந்துடுமா? நீ உள்ள போயி கேளு. ஓசூர் கம்பெனில சூப்பர்வைசர்கிட்ட அத்தினி சண்ட போட்டுட்டு ஆட்டோ ஓட்ட வந்தவன், இங்க மட்டும் ஏன் செவுத்த பாத்துனு நிக்கற?

— கேக்க வேண்டாம். வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்டோல ஏறுங்க.

— ஏன் போவணும்? கர்நாடகா அட்டை இருந்தாத்தான் பெட்டுன்னு வாசல்லயே ஒட்டியிருக்கான். எங்கிட்ட அட்டை இருக்குது. எம் பையன் மைசூர்ல அவனே கொரோனா ஜொரத்துல கெடக்கறான். குடி வெச்ச உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? தேவரே, சாமி… இரு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்.

— பேசாதீங்கம்மா. இன்னும் எளைக்கும்.

— உங்கம்மாவுக்கு மட்டும் ஓசூர்ல எப்பிடி கெடச்சுது? அங்க யார புடிச்சியோ அவங்களயே புடி. ஏன் மொகத்த திருப்பிக்கற? ஒட்டிக்கும்னு பயமா?

— எங்கம்மா ஓசூர்ல இல்லம்மா.

— பின்ன? காத்தால கூட அவளுக்கோசரம் ராகிக் கஞ்சி காச்சி தூக்குல ஊத்திக் குடுத்தனே. ஓசூருக்குன்னுதான எடுத்துனு போன?

— இங்கதான் கொண்டாந்தேன். மூணாவது வார்டுக்குக் குடுத்துவிட்டேன்.

— என்னாப்பா சொல்ற?

— கேஸ் கனெக்சனுக்குன்னு உங்க ஆதார் நகல் குடுத்தீங்கல்லா. அதக் காட்டித்தான் அம்மாவச் சேத்தேன். அன்னைக்கு ஓசூர்ல வராண்டால கூட எடமில்ல. எங்களுக்கு இருக்கது கோவில்பட்டி அட்டை. இங்க அதக் கையில வாங்கவே இல்ல. ஆக்சிஜன் மாஸ்க்க மாட்டுன பெறகு யாரு மொகத்தப் பாக்குதா? பேரக் கேட்டாங்க. உங்க பேரச் சொல்லிட்டேன்.

— என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?

— சொல்லிட்டீங்கன்னா எங்கம்மா போயிருவாளேன்னுதான் கேக்கல. தெனமும் நீங்க கஞ்சித் தூக்க நீட்டும்போது கை கூசுச்சு. கூசிக்கிட்டேதான் வாங்குனேன். ஈனப்பயம்மா நான்.

— அவளுக்குத் தெரியுமா?

— சென்னம்மான்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்காங்கன்னு நர்ஸு சொன்னாங்க. காது கேக்காதுன்னுட்டேன்.

— சரி. உள்ள போயி நெசத்த சொல்லு.

— சொன்னா பெட்ட விட்டு எறக்கிருவாங்கம்மா. அவளுக்கு ஆக்சிஜன் ஓடிக்கிட்டிருக்கு.

— அப்ப நானு? நான் என்ன பண்ணட்டும்?

— ஓசூர்ல இப்பத்தான் புதுசா ஷெட்டு போட்டு ஆக்சிஜன் பெட்டு வச்சிருக்காங்க. ஆனா அங்க தமிழ்நாட்டு அட்டை கேக்காங்க.

— உங்கம்மா அட்டை எங்க?

— பர்ஸுலதான் கெடக்கு.

— குடு இங்க. இருளாயி… என் வயசுதான். மொகம் என்னளவுக்கு லட்சணமில்ல, போவட்டும். ஆட்டோவ எடு.

— ஓனரம்மா, என்னய மன்னிச்சு…

— மன்னிக்கறதெல்லாம் அப்பறம். ஓனரம்மான்னும் கூப்புடாத. ஜூஜுவாடி செக்போஸ்ட்டு தாண்டினா நான் உங்கம்மா. ரெண்டு பேரும் பொழச்சு வந்ததும் அவ பேர அவளுக்குக் குடுத்துடறேன், என் பேர எனக்கு வாங்கிக்கறேன். ஓட்டு.

— இந்தா, ஓசூர் வந்தாச்சு. எந்திரிங்க… எந்திரிம்மா. என் தோளப் பிடிச்சுக்கோ. சிஸ்டர்! சிஸ்டர்!

— ஷெட்டுக்குள்ள கூட்டிட்டு வாங்க சார். பேஷன்ட் பேரு?

— இருளாயி.

— அவங்க சொல்லட்டும் சார், நெனவு இருக்கான்னு பாக்கணும். பேரு என்னம்மா?

— இரு… ளாயி.

— கூட வந்திருக்கிறது?

— எம் பையன்.

— ஆக்சிஜன் ரொம்பக் கொறஞ்சிருக்கு. நல்ல வேளை, ஒரு பெட்டு இருக்கு. படுங்கம்மா, பயப்படாதீங்க. சார், போன் அடிக்குது பாருங்க, எடுத்துட்டு தள்ளி நில்லுங்க.

— ஹலோ… ஆமா, சென்னம்மா அட்டெண்டர்தான் பேசுதேன்… சொல்லுங்க… எப்ப?… காலைல கஞ்சி குடிச்சாங்கன்னு நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க…

— யாருப்பா போன்ல?… போயிட்டனா, நானு?

— சார், ஏன் சார் இப்படி அழறீங்க? அதான் உங்கம்மாவுக்குப் பெட்டு கெடச்சிருச்சே!