தாண்ட ஏலாத ஆட்சேபனை

— காணாது பிள்ளை. இன்னும் பாரமான சொல்லு வேணும்.

— "ஸ்ட்ரோங் ஒப்ஜெக்சன்" எண்டா பலமான ஆட்சேபனை அப்பு. அதுக்கு மேல என்ன?

— பலமான ஆளையும் விழுத்தலாம். லண்டன் பாதர் இந்தக் கடிதத்தை வாசிச்ச கையோட கலியாணம் நிக்க வேணும். நீ இங்கிலீஸ் ரீச்சரெல்லே ஆன்சலா, வடிவா யோசி.

— "பண்டமென்டல் ஒப்ஜெக்சன்." அடியிலயே பிழை எண்டு அர்த்தம்.

— அதுக்கும் அவர் ஒரு சமாதானம் சொல்லுவார்.

— அப்ப கடைசியா ஒண்டுதான் இருக்கு. "இன்சர்மவுண்டபிள் ஒப்ஜெக்சன்." ஆராலயும் தாண்ட ஏலாது.

— அதைப் போடு. வாய்க்குள்ள நுழையேல்லை, ஆனா அதுதான்.

— சொல்லைப் போடலாம் அல்பேர்ட் அப்பு. காரணம்? உங்கட மருமகள் பிரேமிளாக்கா பதினாறு வரிசமா உங்களுக்குச் சமைச்சுப் போடுறா, உங்கட கிழிஞ்ச வலையும் பொத்துறா. இப்பதான் லண்டனில இருக்கிற ஒருத்தர் அவவைக் கேட்டு வந்திருக்கிறார்.

— நாளைக்கு என்ர மகன் வந்து, "என்ர மனிசி எங்கை அப்பா" எண்டு கேட்டா?

— ஜெனுசண்ணை கடைசிச் சண்டையில காணாமப் போனவர் அப்பு.

— காணாமப் போனவன்தானே. செத்தவன் இல்லையே.

— அப்பிடியெண்டா இந்தக் கடிதமே தேவையில்லை. புருசன் செத்ததைக் கண்ட சாட்சி இல்லாமக் கோயில்ல கலியாணம் கட்டி வைக்கேலாது எண்டு லண்டன் பாதர் எழுதிப்போட்டார். அக்கா நேற்று வந்து இந்தக் கதிரையில இருந்துதான் அழுதவா.

— அப்ப தாண்ட ஏலாதது முதலே வந்திட்டுது.

— ஓம். இனி நீங்கள் நிம்மதியா இருக்கலாம்.

— நிம்மதியோ... களைச்சுப் போனன் பிள்ளை.

— ஒண்டு கேக்கட்டே அப்பு? கோயில்ல பூசைக் கொப்பி எழுதுறது நான்தானே. வரிசா வரிசம் கார்த்திகை ரெண்டாம் திகதி, மரிச்ச ஆத்துமாக்களின்ர பூசைக்கு ரெண்டு பேருக்குக் காசு குடுக்கிறியள். ஒண்டு செத்துப்போன உங்கட மனிசி அருளம்மா மாமிக்கு. மற்றதுக்குப் பேர் எழுத வேண்டாம் எண்டுவியள். அது ஆருக்கு?

— அவள் போனா வீட்டில நான் தனிய. விடிய எழும்பினா, தேத்தண்ணி குடிச்சனீங்களோ எண்டு கேக்க ஒரு சீவன் இல்லை. அந்தப் பயம்தான். வேற ஒரு கோதாரியும் இல்லை.

— நான் கேட்டது அதில்லை அப்பு.

— தெரியும். உந்தக் கடதாசியைக் கிழி. வேற ஒண்டு எழுது. சாட்சி இருக்கெண்டு எழுது. பங்கர்க் குழிக்குள்ள என்ர மகனை என்ர ரெண்டு கையாலயும் நான்தான் புதைச்சனான்.