பன்னெண்டு நாள் பொறுத்தா

— திரும்பவும் சொல்லுடா சகாயம். வாங்கின கடன மொத்தமா திருப்பிக் கட்ட வந்தா, மேல எதுக்குடா மூவாயிரத்து அறுநூறு?

— முன்னாடியே முடிக்கிறதுக்கு சார்ஜுக்கா. மூணு வருஷம் ஆகறதுக்குள்ள வீட்டுக் கடன அடைச்சா, பாக்கியில நூத்துக்கு நாலு ரூபா. பாக்கி தொண்ணூறாயிரம். கணக்கு சரிதான்.

— நல்லாயிருக்குது நியாயம். கட்டலன்னா வட்டி, கட்டினா தண்டமா?

— உன் வட்டிய நம்பித்தானக்கா இந்த லோன் ஆபீஸ்காரன் பணத்த குடுத்தான்? நீ பாதியில முடிச்சா அவனுக்கு வர்ற வட்டி போச்சு. உப்பளத்துல அட்வான்ஸ் வாங்கிட்டு ஒருத்தி சீசன் நடுவுல நின்னுட்டா, உங்க முதலாளி சும்மா விடுவாரா?

— அவரா? அட்வான்ஸோட பத்து நாள் கூலியையும் சேத்து புடுங்கிடுவாரு.

— அதேதான். இவன் ஏசி ரூம்ல உக்காந்து புடுங்கறான்.

— இத கையெழுத்து போடறப்பவே ஏன்டா சொல்லல?

— படிக்கலக்கா. பதினாறு பக்கம். மாமா வேற வெளிய சைக்கிள்ல உக்காந்துகினு பெல்லடிச்சிகினே இருந்தாரு. எல்லாம் பாத்துட்டேன், போடுன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். தப்பு என்னுது. அந்தக் காச நான் தர்றேன்.

— உன் காசு வேணாம்.

— அப்ப நான் சொல்றத கேளு. வர்ற இருபதாந்தேதியோட மூணு வருஷம் முடியுது. பன்னெண்டே நாள். அப்புறம் வந்தா இந்த சார்ஜே கெடையாது. மேனேஜர் சாப்ட்டு வந்ததும் சொல்லிட்டு மரக்காணம் பஸ்ஸ புடிப்போம்.

— இன்னிக்கே கட்டிடணும்.

— மூவாயிரத்து அறுநூறுன்னா உனக்கு எத்தினி நாள் கூலி?

— ரெண்டு மாசம்.

— ரெண்டு மாசம் உப்புத் தண்ணியில நின்னு கால் வெடிச்சு சம்பாதிச்சத, ஒரு மத்தியானத்துல தூக்கிக் குடுப்பியா?

— குடுப்பேன். அந்த பாஸ்புக்க தொட முடியலடா. உங்க மாமாவ அலை கொண்டுபோனதுக்கு கவர்மெண்டு குடுத்த காசு.

— ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தல்ல? இன்னும் பன்னெண்டு நாள்தானக்கா...

— அன்னிக்கு கிறிஸ்மஸுக்கு மறுநாளு. நீ பத்து மணி பஸ்ஸுல வர்றதா இருந்த.

— தெரியும்க்கா. மாமா கரைக்குப் போனதே எனக்கு மீன் வாங்கத்தான். அவரா ஆசைப்பட்டு போனாருன்னு நீ சொன்னதுலேர்ந்து எனக்கு மீனே எறங்கல.

— அது பொய்டா.

— எது?

— அவரா போகல. ஒடம்பு வலிக்குது, தூங்கறேன்னாரு. என் தம்பி வர்றான்னா உங்களுக்கு எளக்காரமான்னு கத்தி, போர்வைய உருவி, கூடைய கையில திணிச்சு தொரத்திவிட்டேன். செருப்பக்கூட தேட விடல.

— அக்கா... அழாதக்கா. ஃபாதர்கிட்ட சொன்னியா?

— பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். உன்மேல தப்பில்லம்மா, மூணு அருள்நிறை மந்திரம் சொல்லுன்னாரு. கவர்மெண்டு ஒரு லட்சம் குடுத்துச்சு. முதலாளி ஒரு வாரம் லீவு குடுத்தாரு. எல்லாரும் குடுத்துகினே இருந்தாங்கடா. தண்டம் கட்டுன்னு என்னக் கேட்டது இந்த ஆபீஸ் ஒண்ணுதான்.