ஒழுகாத ரேடியேட்டர்

டீயில் ஆடை படிந்துவிட்டது, மறுபடி சுடவைத்துத் தரலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீ கேட்டுவிட்டாய். பரவாயில்லை. உன் அம்மாவின் துணிகளை அலச வாளி தேடிப் போன இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பச்சைத் தண்ணீர் நிரம்பிய கேன்களைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். அது கூலன்ட், என்ஜின் சூடேறாமலிருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர். உன் மாமாவின் வண்டியிலிருந்து நான் எடுத்தது. கீழே ஊற்ற மனம் வரவில்லை. இனிப்பாக இருக்குமாம், பூனை நக்கினால் செத்துப்போகும். அதனால் மூடி போட்டு வைத்தேன்.

உன் அம்மா மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாத்தனார் என்று ஒரு நாளும் என்னிடம் அதிகாரம் செய்ததில்லை. சிறுநீரகம் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்று ஆனபோது நீ வெளியூரில் இருந்தாய். தம்பி இருக்கும்போது வேறு யார் கூட்டிப்போவார்கள்? காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். சாப்பிட உட்கார்ந்தால் அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, அக்கா இன்றைக்கு நன்றாகப் பேசினாள் என்பதுதான் பேச்சு. பிறகு தூக்கம். நான் ஒரு குறையும் சொன்னதில்லை.

முதல் தடவை வண்டி நிஜமாகவே ஒழுகியது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் கிளிப் தளர்ந்திருந்தது. அன்று முழுக்க அவர் வீட்டில் இருந்தார். அடியில் படுத்துக்கொண்டு, "டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு. உன் மூஞ்சில எதுக்கு அடிக்கிற, அதைத்தான் தினமும் பாக்குறேனே" என்றார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என்னைக் கேலி செய்தார். கிளிப்பை மாற்றினார். ஒழுகல் நின்றது. பேச்சும் நின்றது.

ரேடியேட்டரின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு உண்டு. அவரே காட்டித்தந்ததுதான்.

மாலையில் அவர் அசந்து தூங்கும்போது கொஞ்சமாக வடிப்பேன். திருகை இறுக்கி, துணியால் துடைத்துவிடுவேன். காலையில் மூடியைத் திறந்தால் அளவு இறங்கியிருக்கும். அடியில் அவர் விரித்து வைத்த அட்டையோ காய்ந்து கிடக்கும். அழுத்தம் ஏற்றிச் சோதித்தார், அழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை. ஹோஸ்களை மாற்றினார், வாட்டர் பம்பை மாற்றினார். மெக்கானிக் வந்து, "வெளிய ஒழுகலைன்னா உள்ளுக்குள்ள குடிக்குதுண்ணே. என்ஜின் ஹெட்டைக் கழட்டிப் பாத்துரலாம்" என்றார். கழற்றினார்கள். அதற்கடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க" என்றேன். அந்த நாட்கள் நன்றாகப் போயின.

உன் அம்மாவும் முகம் சுளிக்கவில்லை. போனில் சிரித்தார். "எனக்கு உள்ள போன தண்ணி வெளிய வரமாட்டேங்குது, அவன் வண்டிக்கு ஊத்துன தண்ணி உள்ள நிக்கமாட்டேங்குது. ரெண்டு பேரையும் ஒரே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு." நானும் சிரித்தேன். வாடகைக் கார் கிடைத்தால் போவார், கிடைக்காவிட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பார். அப்படித் தவறினால் என்ன ஆகும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

அன்று எங்கள் கல்யாண நாள். அதனால் முந்தின மாலையே எல்லாவற்றையும் வடித்துவிட்டிருந்தேன். உன் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. தினமும் மூடியைத் திறந்து பார்க்கிறவர் அன்று பார்க்கவில்லை, செருப்புகூடப் போடவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "கேட்டைத் திற" என்றார்.

நான் திறந்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தண்ணீர் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். தெருமுனையிலேயே சூடேறி நின்றுவிடும், திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். பழைய வண்டி, நான் நினைத்ததைவிடத் தாக்குப்பிடித்தது. தண்ணீரே இல்லாவிட்டால் சூட்டைக் காட்டும் முள்கூட ஏறாதாம், அது எனக்குத் தெரியாது. உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத பாலத்தின் நடுவில் போய்த்தான் என்ஜின் இறுகி நின்றது. உதவிக்கு ஒரு லாரி வந்து நின்றபோது அவசரம் எதுவும் மீதமில்லை.

நீ அழுது முடித்துவிட்டு மெதுவாகக் கேட்கிறாய்: "மாமா தன்னாலதான் அம்மா போய்ட்டாங்கன்னு சோறு தண்ணி இல்லாம கிடக்குறாரு, அத்தை. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. இப்பவே."

நீ போய்ச் சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவர் நம்பமாட்டார். கொட்டகையில், இழுத்துவந்த வண்டியின் என்ஜினை அக்கு அக்காகப் பிரித்துப்போட்டு, எங்கே ஒழுகியது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். கண்டுபிடிக்கிறவரை எங்கேயும் போகமாட்டேன் என்கிறார்.

"இல்லம்மா, நான் சொல்லமாட்டேன்."

அக்காவைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறார். பக்கத்தில் யாராவது இருந்து பார்த்துக்கொள்ள வேண்டாமா?